அநாதை ரெக்கார்ட்ஸ்

என் தம்பி ஒரு கம்பெனி ஆரம்பிச்சான். பேரு அநாதை ரெக்கார்ட்ஸ். ஆரம்பிச்ச இடம் எங்கப்பாவோட வீடு, அதுலயும் எங்கப்பா வேலை பாத்துக்கிட்டிருந்த முன் ரூம். வாசல்ல போர்டு மாட்டறப்போ ஸ்டூல் ஆடாம கெட்டியா பிடிச்சுக்கிட்டு நின்னவரும் எங்கப்பாதான்.

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு பாரு சின்னவனே"ன்னு கீழேருந்து சொல்றார். இவனும் "இப்ப ஓகேவாப்பா, இப்ப ஓகேவாப்பா"ன்னு கேட்டுக் கேட்டு அநாதையை நிமிர்த்தி வைக்கிறான். பக்கத்துல நின்ன எனக்குச் சிரிக்கிறதா, ஸ்டூலை உதைக்கிறதான்னு தெரியல.

"அநாதைன்னு எதுக்குடா பேரு வெச்சே?"ன்னு அப்பா கேட்டார்.

"அது ஒரு ஸ்டைலுப்பா. நமக்குப் பின்னாடி பெரிய கம்பெனிக்காரன் எவனும் இல்ல, நாம தனி ஆளுன்னு அர்த்தம்."

அப்பா தலையாட்டினார். பிள்ளை என்ன சொன்னாலும் தலையாட்டற மனுஷன். அம்மா போனப்போ இவன் ரொம்பச் சின்னப் பையன். அன்னிக்கு ஆட ஆரம்பிச்ச தலை இன்னும் நிக்கல.

என் தம்பி ராப் பாடறவன். மேடையில அவன் பேரு சாம்பல். அது என்னடா சாம்பல்னு கேட்டா, எரிஞ்சு முடிஞ்சவனாம். அடுப்புல பால் பொங்கினா அணைக்கத் தெரியாது, "அக்கா, அக்கா"ன்னு கத்துவான். இவர் எரிஞ்சு முடிஞ்சவர். "பெரிய கம்பெனிங்க கலைஞனோட வாயைப் பூட்டிடும், அதனாலதான் நான் எவன் வாசலுக்கும் போகல"ன்னு போற இடமெல்லாம் பேட்டி வேற. எவனும் இவனைக் கூப்பிடவே இல்லைங்கிறது எங்க வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச சங்கதி.

எங்கப்பா பல் செட் செய்யறவர். டாக்டருங்க வாய் அளவு எடுத்து அனுப்புவாங்க. அப்பா அதுல பிளாஸ்டர் ஊத்தித் தாடையை எடுத்து, மெழுகுல பல்லை ஒண்ணொண்ணா உக்கார வெச்சு, சாணை மெஷின்ல தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்கிக் குடுப்பார். சின்ன வயசுல எங்களுக்குத் தலை வாரி விடறப்போ அவர் விரல்ல ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி எங்க தலையில இருக்கும். ஸ்கூல்ல பொடுகுன்னு கேலி பண்ணுவாங்க. அவ்வளவுதான் எங்கப்பாவால எங்களுக்கு வந்த கொடுமை.

கண்ணு மங்கினதும் வேலையை விட்டார். தம்பி ரூம் கேட்டான். மெஷினைப் பின்பக்கம் தள்ளிட்டு ரூமைக் குடுத்தார். அலமாரியில இருந்த பிளாஸ்டர் தாடைங்களை எடுத்துடட்டுமான்னு கேட்டதுக்கு, "இருக்கட்டும்பா, ரூமுக்கு ஒரு கெத்து குடுக்குது"ன்னான் தம்பி. அப்புறம் வெளிச் சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு அப்பா படுக்கற மெத்தையைக் கேட்டான். அதையும் குடுத்தார். ரெக்கார்டிங் நடக்கற நேரமெல்லாம் அந்த மெத்தை கதவுல சாஞ்சு நிக்கும், அப்பா ஹால்ல நாற்காலியில சாஞ்சு கிடப்பார்.

கம்பெனியோட முதல் பாட்டு 'குழி'. அதுதான் ஓடிச்சு. கொஞ்ச நஞ்ச ஓட்டம் இல்ல. பஸ்ல, கடையில, நான் வேலை பாக்கற ரத்தப் பரிசோதனை லேப்ல, ஊசிக்குக் கையை நீட்டறவன் காதுல, எங்க பாத்தாலும் குழி. அந்தப் பாட்டுல வர்ற அப்பன் ஒரு குடிகாரன். பெல்ட்டை உருவி அடிப்பான். பிள்ளை பட்டினியா கிடப்பான், அப்பன் பாட்டிலை உருட்டுவான். கடைசியில செத்துப் போவான். பிள்ளை தன் கையால குழி வெட்டிப் புதைப்பான். இதைக் கேட்டுட்டு ஊரே மூக்கைச் சிந்திச்சு.

நான் முதல் தடவை கேட்டப்போ போனைத் தூக்கிக் கட்டில் மேல எறிஞ்சேன். எங்கம்மா நிஜமாவே செத்தா. ஆஸ்பத்திரியில, ஒரு மத்தியானம், சத்தம் காட்டாம. அதைப் பத்தி இவன் ஒரு வரி எழுதினது இல்ல. அதுல அடிதடி இல்லையே, எப்படி எழுதுவான்? அதுக்கப்புறம் எங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, நோட்டுக்கு அட்டை போட்டு வளத்த மனுஷனைக் குடிகாரனாக்கிக் கொன்னு புதைச்சாச்சு.

"உனக்கு வெக்கமா இல்லையாடா?"ன்னு கேட்டேன்.

"அக்கா, அது கேரக்டர். பர்சனலா எடுத்துக்காத. எங்கப்பா எனக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் குடுத்தார்னு பாடினா எவன் கேப்பான்?"

"அப்பா காதுல விழுந்தா என்னடா ஆகும்?"

"அவருக்கு எங்க புரியப் போகுது?"

அதென்னவோ உண்மை. அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்கும். ஆனா இவன் பாடற வேகத்துல ஒரு வார்த்தை பிடிபடாது. "மெஷின் ஓடற மாதிரி இருக்குடா, ஆனா ஜோரா இருக்கு"ம்பார். பாட்டுப் பேரைப் பாத்துட்டு, ரோட்டுல இருக்கிற குண்டு குழியைத் தட்டிக் கேக்கறான் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினார். "நம்ம தெரு முனையில இருக்கே பள்ளம், அதைப் பத்திதான்"னு விளக்கம் வேற. அந்த மனுஷன் பாட்டு முடியற வரைக்கும் அப்பாவையே பாத்துக்கிட்டிருந்துட்டு, காப்பியைப் பாதியில வெச்சுட்டு எழுந்து போயிட்டார். அன்னிலேருந்து எனக்கு ஒரே கவலைதான். இந்தப் பாட்டுல என்ன இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்க வாயையே பாத்துக்கிட்டு நிப்பேன்.

குழி ஓடினதும் கம்பெனிக்கு ஆள் எடுத்தான். ரெண்டு பேர். ஒருத்தன் பேரு பசி. ஆள் கதவளவு இருப்பான். மத்தியானம் அவங்கம்மா குடுத்து விடற அடுக்குப் பாத்திரத்தைத் திறந்தா ரூமே மணக்கும். இன்னொருத்தன் இருட்டு. அவனுக்கு இருட்டுன்னா பயம், பாத்ரூமுக்குப் போகணும்னா பசி துணைக்குப் போகணும். ரெண்டு பேருக்கும் அப்பா அம்மா கல்லு மாதிரி இருக்காங்க. ஆனா கம்பெனிக்குள்ள வந்துட்டா எல்லாரும் அநாதை, அதுதான் சட்டம். ஸ்டூடியோவுல அம்மா அப்பா பேச்சே எடுக்கக் கூடாது. போன்ல அம்மா நம்பரை 'மேனேஜர்'னு பதிஞ்சு வெச்சிருப்பானுங்க. ரெக்கார்டிங் நடுவுல மேனேஜர் கூப்பிடுவாங்க. பசி மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கிட்டு, "சாப்டுட்டேன் மேடம். ஆமா மேடம், ரெண்டு தடவை சாப்டேன்"ம்பான். என்னை வெளி ஆளுங்களுக்கு அறிமுகப்படுத்தணும்னா 'ஆபீஸ் மேடம்'னுதான் சொல்லுவான் என் தம்பி. கூடப் பொறந்தவ நான்.

ஒரு நாள் நிஜமான அநாதை ஒருத்தி வந்துட்டா.

விடுதியில வளந்த பொண்ணு. ஹோட்டல் துணியெல்லாம் வெளுக்கற லாண்டரியில வேலை. வேலை முடிஞ்சு நேரா வந்திருக்கா, கையெல்லாம் சோப்புல ஊறிச் சுருங்கிக் கிடந்தது. அப்பாதான் கதவைத் திறந்தார். நான் சமையக்கட்டுலேருந்து எட்டிப் பாக்கறேன், அவ அப்பாகிட்ட, "குழி கேட்டுட்டுத்தாங்க வந்தேன். அண்ணனோட அப்பா..."ன்னு ஆரம்பிக்கிறா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. கையில கரண்டியோட ஓடி வந்து, "வாம்மா வாம்மா, உள்ள வா, நேரமாச்சு"ன்னு அவளைத் தோளைப் பிடிச்சு ரூமுக்குள்ள தள்ளிட்டேன்.

பாடினா பாருங்க. ஹோட்டல் பெட்ஷீட்டைப் பத்திப் பாட்டு. எந்தக் கறையைப் பாத்தா எந்த மாதிரி ஆளுன்னு சொல்றா. கல்யாண ஜோடி, கடன்காரன், தனியா கேக் வாங்கித் தின்ன கிழவர்னு ஒவ்வொருத்தரா வர்றாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். மெத்தையைத் தாண்டிக் கேட்டுச்சு போல, ஹால்ல அப்பாவும் சிரிச்சார். அவ பாட்டு அவருக்கு வார்த்தை வார்த்தையாப் புரிஞ்சிருக்கு.

தம்பி மட்டும் சிரிக்கல. முதலாளி இல்லையா, சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "நல்லா இருக்கும்மா. ஆனா வலி இல்லையே"ன்னான்.

"எதுக்கு வலிக்கணும்?"ன்னு அவ கேட்டா.

"எங்க பிராண்டு அப்படி. ஒரு அநாதைக்குரிய ஆழம் உன்கிட்ட இல்ல."

 அந்தப் பொண்ணு பையை எடுத்து மாட்டிக்கிட்டு, பசிகிட்டேயும் இருட்டுகிட்டேயும் சொல்லிட்டுக் கிளம்பிட்டா. அப்பா வாசல் வரைக்கும் போய், "நல்லா பாடினம்மா, விட்டுடாத"ன்னு சொல்லிட்டு வந்தார். வந்து தம்பிகிட்ட, "ஏன்டா, அநாதைன்னா அழுதுக்கிட்டேதான் இருக்கணுமா?"ன்னு கேட்டார். "பிஸினஸ்பா, உங்களுக்குப் புரியாது"ன்னு சொல்லிட்டான். அப்பா வழக்கம்போலத் தலையாட்டினார்.

அப்புறம்தான் ஒரு சேனல்லேருந்து கூப்பிட்டாங்க. சாதாரண சேனல் இல்லையாம், அதுல வந்துட்டா உலகம் பூரா தெரியுமாம். அநாதை ரெக்கார்ட்ஸ் பிறந்த கதையைப் படம் பிடிக்கணும், அதுவும் ஆபீஸ்லயே வெச்சுன்னு சொல்லிட்டாங்க. தம்பிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. முதல் நாளே வந்து அப்பா பக்கத்துல உக்காந்து குழைஞ்சான்.

"அப்பா, நாளைக்கு மட்டும் நீங்க வீட்டு ஓனரா இருங்கப்பா."

"நான் வீட்டு ஓனர்தானேடா."

"அதேதான்பா, பொய்யே இல்ல. அப்பான்னு மட்டும் சொல்லிக்க வேண்டாம். சொன்னா, குடும்பத்துக் காசுல வந்தவன்னு நினைச்சுடுவாங்க. கம்பெனி பேரு கெட்டுடும்."

நான் உள்ளேருந்து கரண்டியை விட்டெறிஞ்சேன். ரெண்டு பேரும் திரும்பிக் கூடப் பாக்கல. அப்பாவுக்கு உற்சாகம் வந்துடுச்சு. "வாடகையைக் கரெக்டா குடுத்துடறார்னு சொல்லட்டுமா? ஓனர்னா கொஞ்சம் மிடுக்கா இருக்கணும்ல?"ன்னு கேட்டார். சட்டையை அவரே தேய்ச்சு வெச்சுக்கிட்டார். கண்ணாடி முன்னால நின்னு, "யாருப்பா அங்க சத்தம் போடறது"ன்னு அதட்டிப் பாத்துக்கிட்டார். பிள்ளைக்கு உதவறோம்னு அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்துல. எனக்கு அதைப் பாக்கவே முடியல.

மறுநாள் ஒரு அம்மா வந்தாங்க, ரெண்டு கேமராக்காரங்களோட. மெதுவாப் பேசறவங்க. நாம சொல்றதையெல்லாம் தலையைச் சாச்சுக் கேப்பாங்க. முதல்ல அலமாரியைப் பாத்துட்டு அசந்து போய், "இது என்ன, இத்தனை தாடை?"ன்னு கேட்டாங்க.

என் தம்பி தொண்டையைக் கனைச்சான். "இந்த சமூகம் மூடி வெச்ச வாய்கள். பேச விடாம செத்துப் போனவங்களோட நினைவா நான் வெச்சிருக்கேன்."

அந்த அம்மா கண் கலங்கிட்டாங்க. அப்பா வாசப்படியில காப்பித் தட்டோட நின்னுக்கிட்டு, அந்த வாய்களை ஒரு தடவை பாத்தார். அதுல முக்கால்வாசிப் பேர் இன்னும் அவர் செஞ்ச பல்லுல நல்லா மென்னு தின்னுக்கிட்டிருக்காங்க. ஆனாலும் வாயைத் திறக்கல. ஓனர் இல்லையா.

எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. பசி பட்டினி கிடந்த கதையைச் சொன்னான். இருட்டு தெருவுல தூங்கின கதையைச் சொன்னான். குழி பாட்டையும் போட்டாங்க, அப்பா காலால தாளம் போட்டார். சரி, இன்னிக்கும் தப்பிச்சோம்னு நான் காப்பித் தம்ளரையெல்லாம் எடுக்க ஆரம்பிச்சேன்.

அப்போ அந்த அம்மா சொன்னாங்க: "ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பாட்டை மியூசிக் இல்லாம, மெதுவா, வார்த்தை வார்த்தையா சொல்லுங்களேன். கவிதை மாதிரி. வேகத்துல நிறைய பேருக்கு அது போய்ச் சேரல."

கவிதைன்னு சொன்னதும் தம்பிக்கு உச்சி குளிர்ந்துடுச்சு. நான் அவனைப் பாத்துக் கண்ணைக் காட்டறேன், இருமறேன், தம்ளரைக் கீழ போடறேன். ஹும். கேமராவுல சிவப்பு லைட் எரிஞ்சா அவனுக்கு உலகமே தெரியாது. "அப்... ஓனர் சார், பின்பக்கம் குழாய் ஒழுகுது, வாங்க"ன்னு நான் உளறிக் கொட்டறேன். அப்பா விரலை உதட்டுல வெச்சு, சும்மா இருன்னு சைகை காட்டினார். பிள்ளை கவிதை சொல்லப் போறானாம்.

தம்பி கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சான். நிறுத்தி, நிதானமா.

"எங்கப்பன் செத்த அன்னிக்கு யாரும் அழல. பாட்டில் உருண்ட சத்தம் மட்டும் கேட்டது. அவன் பெல்ட் என் முதுகுல எழுதின எழுத்தை இன்னிக்கும் நான் தடவிப் படிக்கிறேன். குழியை நான்தான் வெட்டினேன். மண்ணை நான்தான் தள்ளினேன். அப்பான்னு கூப்பிட எனக்கு ஒரு நாளும் ஆளில்ல."

சொல்லி முடிக்கறப்போ அவன் கன்னத்துல தண்ணி. நல்லா சொன்னான், பாவி. அந்த அம்மா மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் அப்பாவைப் பாத்தேன். தாளம் போட்ட கால் நின்னு போயிருந்தது. முகத்துல எதுவுமே இல்ல. தட்டை மட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார்.

அந்த அம்மா அப்பா பக்கம் திரும்பினாங்க. "ஐயா, நீங்க இவரை ரொம்ப நாளாப் பாக்கறவர். இவரோட அப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி கண்ணைத் திறந்தான். அப்பத்தான் அவனுக்கு உறைச்சது.

"தெரியும்"னார் அப்பா. "பல் செட் செய்யறவர். குடிக்க மாட்டார். குடிச்சா கை நடுங்கும், கை நடுங்கினா பல்லு சரியா உக்காராது. அடிக்கவும் மாட்டார். அவர் செத்துட்டார்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."

 அந்த அம்மா குழம்பிப் போய் தம்பியைப் பாத்தாங்க. தம்பி லேசாச் சிரிச்சான். "ஐயாவுக்கு வயசாயிடுச்சு. வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறார்."

வாய் கூசாம சொன்னான்.  அப்பா தட்டை மேசையில வெச்சார். "ஆமா, ஆள் மாறிப் போச்சு போலிருக்கு"ன்னார். அப்புறம் தம்பியை நேருக்கு நேராப் பாத்தார்.

"தம்பி, இந்த ரூம் எனக்கு வேணும். காலி பண்ணிக் குடுத்துடுங்க."

குடுத்துடுங்க. சின்னவனே, வாடா, போடான்னு தவிர வேற எதுவும் சொல்லி நான் கேட்டதில்ல அந்த வாயால. பசி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அப்பா நகராம அங்கேயே நின்னார். எதுக்கு நிக்கறார்னு எனக்குத் தெரிஞ்சது. ஒரே ஒரு வார்த்தைக்கு நின்னார். அதை மட்டும் அவன் சொல்லியிருந்தா அவர் மறுபடியும் தலையாட்டியிருப்பார், எல்லாத்தையும் விட்டிருப்பார். தம்பி அப்பாவைப் பாத்தான், கேமராவைப் பாத்தான். சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது.

"சார், ஒரு மாசம் டைம் குடுங்க சார்"னான்.

"எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு அப்பா வெளியே போயிட்டார்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் தம்பி சாப்பிட வந்தான். முகமெல்லாம் பல்லு. அப்பா ஏற்கெனவே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார்.

"அப்பா, பின்னிட்டீங்கப்பா. காலி பண்ணுங்கன்னு சொன்னீங்களே, அந்த இடம் வேற லெவல். அதையே படத்துக்கு முதல்ல வைக்கப் போறாங்களாம். அநாதையைத் தெருவுக்குத் துரத்தற ஓனர்னு. நீங்க இப்படி நடிப்பீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா."

"உக்காருங்க தம்பி, சாப்பிடுங்க"ன்னார் அப்பா.

தம்பி சிரிச்சான். "ஷூட்டிங் முடிஞ்சிருச்சுப்பா."

"வேற இடம் பாத்தீங்களா? சாமான் நிறைய இருக்கு. இப்பவே தேடினாத்தான் கிடைக்கும்."

சிரிப்பு பாதியில நின்னுச்சு. "அப்பா"ன்னான். அப்பா நிமிரல. "அப்பா, என்னப்பா, அது சும்மா பாட்டுப்பா"ன்னான். கிட்ட வந்து நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டான்.  "அப்பா, இங்க பாருங்கப்பா. அப்பா." அங்க கேமராவும் இல்ல, லைட்டும் இல்ல. இப்போ நிஜமாவே அழறான்.

அப்பா கையில இருந்த கவளத்தைத் தட்டுல வெச்சுட்டு அவனை நிமிர்ந்து பாத்தார். கோபம் துளி கூட இல்ல. வழி கேக்கற வெளியூர்க்காரர்கிட்டப் பேசற மாதிரி அவ்வளவு மரியாதையாக் கேட்டார்.

"யாரைக் கூப்பிடறீங்க தம்பி?"